நுழைவுத் தேர்வுக்கும் கல்லூரி சேர்க்கைக்கும் டியூட்டர்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

மழைச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம், இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் சேர ஆசைப்படுகிற பள்ளியில் நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பெரியவன் பள்ளியின் கடைசி வருடத்துக்குப் போகப் போகிறான். சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறான். அதற்கு எஸ்ஏடி (அங்கே கல்லூரி சேர்க்கைக்கு எழுதும் பொதுத் தேர்வு), விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் கட்டுரை என்று வேறு ஒரு வேலை இருக்கிறது.

சின்னவளுக்காக இதுவரை மூன்று டியூட்டர்களைப் பார்த்தோம். முதலாமவர் உட்கார்ந்ததுமே ஒரு பைலை நீட்டினார். அவரிடம் படித்து இடம் கிடைத்த பிள்ளைகளின் போட்டோக்கள். இரண்டாமவர் பாடத்திட்டத்தை 28 வாரமாகப் பிரித்து அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் ரொம்ப அன்பாகப் பேசினார், மகளுக்கு அவரைப் பிடித்துப்போனது. மூவரிடமும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் குழப்பமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பின்னக் கணக்கு கொடுத்தால் மளமளவென்று போடுகிறாள். போன வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதினாள். கணக்குப் பகுதியில் 40 கேள்வி, 23தான் சரி. அதில் பின்னக் கணக்கே ஐந்து தப்பு. தாளைப் பார்த்துவிட்டு அழுதாள். "எனக்குத் தெரியும்மா, இது எனக்குத் தெரியும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

யாரைத் தேர்ந்தெடுப்பது, எதை வைத்து?

நூல்கண்டு

எங்கள் வீட்டிலும் இதே கதை. பதில்களுக்காகக் காத்திருக்கிறேன். முடிந்தால் ஆன்லைனா நேரிலா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கரும்பலகை

அம்மா, நான் பத்தொன்பது வருடமாக நுழைவுத் தேர்வுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். அந்த மூவரில் யாராவது உங்கள் மகள் எழுதிய அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்களா?

என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். மார்க்கை அல்ல, தாளை. பக்கத்தில் அடித்துத் திருத்திய கிறுக்கல் இருந்தால் இன்னும் நல்லது. 40க்கு 23 என்ற எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போன 17 எப்படிப் போனது என்று தெரிந்தால்தான் அந்தக் குழந்தைக்கு டியூட்டர் வேண்டுமா, வேண்டுமென்றால் எதற்கு வேண்டும் என்பதே தெரியும்.

இன்றைக்கு ராத்திரி நீங்களே செய்து பாருங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், அந்த 17 கேள்வியையும் நான்கு குவியலாகப் பிரியுங்கள். பாடமே தெரியாதது ஒன்று. பாடம் தெரியும், ஆனால் இந்தக் கேள்விக்கு அந்தப் பாடம்தான் வேண்டும் என்று பிடிபடாதது இன்னொன்று. எல்லாம் சரியாகப் போட்டுக் கூட்டலில் சறுக்கியது மூன்றாவது. நேரம் போதாமல் தொடாமல் விட்டது நான்காவது. நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதல் குவியல் பெரிதாக இருந்தால் பொறுமையாகப் பாடம் நடத்துகிறவர் வேண்டும். நான்காவது பெரிதாக இருக்கும் பிள்ளைக்கு, கடிகாரத்தை வைத்துப் பழக்கி, எந்தக் கேள்வியை விட்டு நகர்வது என்று சொல்லித் தருகிறவர் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்து நடத்தினால் அது அழும், ஏனென்றால் அது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

28 வார அட்டவணை போட்டவரைப் பற்றித் தவறாகச் சொல்லவில்லை. உழைப்பாளியாக இருப்பார். ஆனால் உங்கள் மகளைப் பார்ப்பதற்கு முன்பே அந்த அட்டவணை தயாராக இருந்தது, இல்லையா? காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரை எழுதுவது போன்றது அது.

அப்புறம், பணம் பேசுவதற்கு முன்னால் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். நீங்கள் அறையின் மூலையில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேனா யார் கையில் இருக்கிறது? ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் டியூட்டர் பேசி, டியூட்டரே எழுதி, குழந்தை தலையாட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு அழகாக விளக்கினாலும் வேண்டாம். அழகான விளக்கம் கேட்டால் புரிந்த மாதிரி இருக்கும். தேர்வு அறையில் பேனா குழந்தையின் கையில்தானே இருக்கப் போகிறது.

தசமபுள்ளி

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க முடியவில்லை. பைல் காட்டியவரை ஏன் எல்லோரும் சந்தேகமாகப் பார்க்கிறோம்? சமையல்காரரைச் சமைத்ததை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம். முப்பது பிள்ளைகளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் ஒரு சாதாரண அப்பா. மாதிரி வகுப்பைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தெரியாது. முடிவுகளைத்தான் நான் நம்ப முடியும்.

கரும்பலகை

//முப்பது பிள்ளைகளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர்//

நியாயமான கேள்வி. முப்பது பேர் சரி, எத்தனை பேரில் முப்பது? நாற்பதிலா, நானூறிலா? பைலில் இருப்பது ஜெயித்தவர்கள் மட்டும். அதோடு, வரும்போது அவர்கள் எந்த நிலையில் வந்தார்கள்? சில இடங்களில் சேர்வதற்கே ஒரு தேர்வு வைத்து, ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் எடுப்பார்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே படித்திருந்தாலும் தேறியிருப்பார்கள்.

நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "என் பிள்ளை மாதிரி, பாதி மார்க்கில் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது?" பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். உண்மையில் சொல்லிக் கொடுத்தவருக்கு அந்தப் பிள்ளையின் பிரச்சினை இன்னமும் நினைவிருக்கும். தோற்றுப்போன பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். எனக்கு அப்படிச் சிலர் உண்டு. அதில் ஒருத்தியைத் தேர்வுக்கு ஐந்து வாரம் முன்பு வரை நான் வெறும் பாடமாக நடத்தியே கொண்டுபோனேன், முழுநீளத் தேர்வு ஒன்றுகூட எழுத வைக்கவில்லை. மூன்றாவது பகுதி வந்தபோது அவளுக்குச் சோர்வு தட்டிவிட்டது. அது என் தப்பு. அதன் பிறகு எந்தப் பிள்ளையையும் அப்படி விட்டதில்லை.

தனியாக ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பதற்கு ஈடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரையிலேயே, அப்படிப் படித்த சராசரி மாணவர் சாதாரண வகுப்பில் படித்த நூறு பேரில் 98 பேரைத் தாண்டினார் என்று வருகிறது.

இரவுவாசிப்பு

கரும்பலகை ஐயா, மன்னிக்கவும், அந்த 98 பற்றி ஒரு திருத்தம். கல்வி உளவியல் படிக்கிறேன், அதனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

புளூம் ஒப்பிட்ட குழுவில் தனி டியூட்டர் மட்டும் இல்லை. அந்த மாணவர்கள் ஒரு பகுதியை முழுதாகத் தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்த பகுதிக்கு நகர வேண்டும் என்ற முறையும் சேர்ந்திருந்தது. இடையிடையே சின்னத் தேர்வு, திருத்தம், மறுபடி தேர்வு. பிறகு 2011இல் கர்ட் வான்லென் என்ற ஆய்வாளர் நிறைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தனி டியூட்டரின் விளைவு அதில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. அதுவும் பெரிய விளைவுதான், சராசரி மாணவரை நூறு பேரில் சுமார் 78 பேருக்கு மேலே கொண்டுபோகிற அளவு. ஆனால் டியூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலே மாயம் நடக்கும் என்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

மழைச்சாரல் அக்கா, உங்கள் மகள் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிற ஒரு ஆய்வு உண்டு. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு விதமான திண்ம உருவங்களின் கன அளவு கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியாக, ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகியது. இன்னொரு குழுவுக்கு எல்லாக் கணக்கையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது தனித்தனியாகப் பழகியவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து பழகியவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது தனித்தனியாகப் பழகியவர்கள் 20 சதவீதம், கலந்து பழகியவர்கள் 63 சதவீதம்.

இதை முதல்முறை படித்தபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், என் பள்ளிக்காலம் முழுக்க ஞாபகம் வந்தது. பின்னப் பாடத்தில் இருக்கும்போது வருகிற எல்லாக் கணக்கும் பின்னக் கணக்குதான். "இது என்ன வகை" என்று யோசிக்கவே தேவையில்லை. தேர்வில் முதல் வேலையே அந்த யோசனைதான், அதை யாருமே பழக்கவில்லை. உங்கள் மகள் "எனக்குத் தெரியும்மா" என்றது பொய்யில்லை அக்கா. அவளுக்குத் தெரியும்.

ஆகவே டியூட்டரிடம் கேளுங்கள்: வீட்டுக்குக் கொடுக்கும் கணக்குகளை எப்படிக் கொடுப்பீர்கள், பாடவாரியாகவா, கலந்தா? போன மாதம் முடித்தது இந்த மாதம் திரும்ப வருமா? கலந்து கொடுக்கிறவரிடம் படித்தால் ஆரம்பத்தில் மார்க் குறைவாகத் தெரியும். இந்த டியூட்டர் சரியில்லை என்று நீங்களே நினைத்துவிடக் கூடிய நேரம் அது, அப்போது அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று, திரும்பத் திரும்பப் படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மேல் என்பது 2006இல் ரோடிகர், கார்பிக்கி செய்த சோதனையில் வந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. வகுப்பைத் தொடங்கும்போதே "போன தடவை என்ன பார்த்தோம், நோட்டைத் திறக்காமல் சொல்லு" என்று கேட்கிற டியூட்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கரும்பலகை

திருத்தியதற்கு நன்றி அம்மா. இத்தனை வருடமாக அந்த 98ஐ மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சரியாகச் சொல்கிறேன்.

மழைச்சாரல்

நேற்று ராத்திரி உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது.

தொடாமல் விட்டது ஆறு. எல்லாமே கடைசிப் பக்கம், அந்தப் பக்கத்தை அவள் திருப்பவே இல்லையாம். பாடமே தெரியாதது நான்கு, விகிதமும் கோணமும். கூட்டலில் சறுக்கியது இரண்டு. மிச்சம் ஐந்தும் அந்தப் பின்னக் கணக்குகள்.

அதில் ஒன்று: ஒரு தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது, 12 வாளி எடுத்ததும் பாதித் தொட்டியாகிவிட்டது, தொட்டி முழுக்க எத்தனை வாளி பிடிக்கும்? அவள் 12ஐயும் 2ஐயும் பெருக்கி 24 என்று போட்டிருந்தாள். நான், "இது பின்னக் கணக்குதான்டா" என்று மட்டும் சொன்னேன், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள், அப்புறம் போட்டுவிட்டாள். அந்த ஐந்தில் நான்கு இப்படியே வந்தது.

மூன்று டியூட்டர்களும் தாளைக் கேட்கவில்லை ஐயா. நானும் கொடுக்கவில்லை. அழுத தாளை யாரிடம் காட்டுவது என்று அலமாரியில் வைத்திருந்தேன்.

கடைசிவரிசை

நான் போன வருடம் நுழைவுத் தேர்வு எழுதியவன். பிள்ளைகள் பக்கமிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றியது.

நான் முதலில் சேர்ந்தது பெரிய கோச்சிங் சென்டர். அங்கே எல்லோரும் புரிந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். டவுட் கேட்டால் சார், "இது ஏழாம் வகுப்புப் பாடம்" என்பார். அவ்வளவுதான் சொல்வார், அதன் பிறகு நான் நான்கு மாதம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீட்டில் "எப்படிப் போகிறது" என்றால் "நன்றாகப் போகிறது" என்பேன். வேறு என்ன சொல்வது, அப்பா பீஸ் கட்டிவிட்டாரே.

பிறகு ஒரு அக்காவிடம் மாறினேன். முதல் நாளே ஒரு கேள்விக்கு, "இது எனக்கு உடனே வரவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். மறுநாள் இரண்டு வழியில் போட்டுக் காட்டினார். எனக்கு அன்றுதான் தெரியவில்லை என்று சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது என்று புரிந்தது.

நெகட்டிவ் மார்க்கையும் அவர்தான் கணக்காகவே போட்டுக் காட்டினார். என் தேர்வில் சரி என்றால் 4, தப்பு என்றால் 1 போகும், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு, ஒரு மார்க் மிஞ்சும். ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று அடிக்க முடிந்தால் மூன்று கேள்விக்கு இரண்டு மார்க். இரண்டை அடிக்க முடிந்தால் இரண்டு கேள்விக்கு மூன்று மார்க். சென்டரில், "தெரியாததைத் தொடாதே" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள், அதை நம்பி நான் பாதித் தாளை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தேர்வுக்கும் இந்தக் கணக்கு மாறும். தன் தேர்வின் விதி என்ன என்பதே தெரியாத டியூட்டரும் இருக்கிறார்.

அக்கா, உங்கள் மகளிடம், "உனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "அவரிடம் தெரியவில்லை என்று சொல்ல முடிந்ததா" என்று கேளுங்கள்.

தசமபுள்ளி

தம்பி, உன் பதிலை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். ராத்திரி வந்து, "எனக்கும் அப்படித்தான்ப்பா" என்றான். ஐந்து மாதமாக அவனை ஒரு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நன்றி.

பனைநிழல்

டியூட்டரே எதற்கு என்று கேட்கிறேன். பழைய தாள்கள் கிடைக்கின்றன, இலவச வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நான் தனியாகப் படித்துத்தான் தேறினேன். எஸ்ஏடிக்கு கான் அகாடமி என்ற இலவசக் கல்வித் தளத்திலேயே அதிகாரப்பூர்வப் பயிற்சி இலவசமாக இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் போதும்.

கரும்பலகை

பலருக்குப் போதும்தான். தாளை எழுதி, தானே திருத்தி, ஏன் தப்பானது என்று தானே எழுதி வைக்கிற பிள்ளைக்கு என்னைப் போன்றவர்கள் தேவையே இல்லை. அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் அந்தப் பழக்கம் தானாக வருவது அபூர்வம். அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிட்டு விலகுவதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். "எத்தனை மாதத்தில் என் பிள்ளைக்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்" என்றும் கேட்டுப் பாருங்கள். நல்லவர் யோசித்துப் பதில் சொல்வார்.

சாளரம்

மழைச்சாரல், எல்லோரும் சின்னவளைப் பற்றியே பேசுகிறார்கள், பெரியவன் பாவம் தனியாக நிற்கிறான். நான் ஒரு பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகராக இருக்கிறேன், அதனால் அவன் பக்கம் வருகிறேன்.

தேர்வுக்குத் தயார் செய்கிறவரும் விண்ணப்பத்துக்கு வழிகாட்டுகிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு வேலைக்கும் தேவையான திறமையே வேறு. முதலில் அவன் விண்ணப்பிக்கப் போகும் இடங்களின் பட்டியலைக் கையில் எடுங்கள். எஸ்ஏடி எல்லா இடத்துக்கும் வேண்டும் என்றில்லை. 2020இல் கொரோனா வந்தபோது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயமில்லை என்றன. எம்ஐடி 2022இல் மறுபடி கட்டாயமாக்கியது, ஹார்வர்டும் 2024இல் அப்படியே அறிவித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. பட்டியலைப் பார்க்காமலேயே, "முதலில் எஸ்ஏடி வகுப்பில் சேர்த்துவிடுங்கள்" என்பவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள்.

வேண்டும் என்றானால், இப்போதைய தேர்வைத் தெரிந்தவரா என்று பாருங்கள். 2024இலிருந்து அது முழுக்கக் கணினியில்தான். 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள். ஒவ்வொரு பகுதியும் இரண்டு கட்டமாக வரும், முதல் கட்டத்தில் எப்படிச் செய்கிறான் என்பதைப் பொறுத்து இரண்டாவது கட்டத்தின் கடினம் மாறும். நீண்ட உரைப்பத்திகள் போய்விட்டன, சின்னப் பத்தி, ஒரு கேள்வி என்று வருகிறது. தப்புக்கு மார்க் குறைப்பதை 2016லேயே எடுத்துவிட்டார்கள், எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது. இன்னமும் பழைய தடித்த புத்தகத்தை வைத்து, "தெரியாததை விட்டுவிடு" என்று சொல்லித் தருபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கட்டுரை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என்னிடம் ஒரு பையன் கட்டுரை கொண்டுவந்தான். முதல் வரைவை அவனே எழுதியிருந்தான். அவனுடைய தாத்தாவின் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் மூன்று நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த கதை. மொழி தடுமாறியது, ஆனால் அந்தச் சட்டைப் பை எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது. பணம் கொடுத்து அமர்த்திய ஒருவர் திருத்திய வரைவில் கடிகாரம் மட்டும்தான் மிஞ்சியது. சட்டைப் பை போய், "விடாமுயற்சியின் மதிப்பை உணர்ந்தேன்" வந்திருந்தது. நான் அவனை முதல் வரைவுக்கே திரும்பச் சொன்னேன். நல்ல வழிகாட்டி எழுதித் தர மாட்டார். "மூன்று நாளும் யாருக்கும் சொல்லவில்லையா? ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

இடம் வாங்கித் தருகிறேன் என்று உறுதி கொடுப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். யாராலும் நேர்மையாக அப்படி உறுதி கொடுக்க முடியாது. அமெரிக்காவில் 2019இல் வெளியான, ரிக் சிங்கர் என்ற கல்லூரி சேர்க்கை ஆலோசகரின் வழக்கு நினைவிருக்கும். தேர்வில் விடைகளைத் திருத்த ஆள் வைத்தார், விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று காட்டினார். 2023இல் அவருக்கு மூன்றரை வருடம் சிறை. பணம் கொடுத்த பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள். பெற்றோர் செய்தது எதுவுமே தெரியாத பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு வலிக்கிறது.

நூல்கண்டு

ஆன்லைனா நேரிலா என்று கேட்டிருந்தேனே?

இரவுவாசிப்பு

எனக்குத் தெரிந்தவரை கையெழுத்து தெரிகிறதா என்பதுதான் கேள்வி. குழந்தை எழுத எழுத டியூட்டர் அந்தத் தாளைப் பார்க்க முடிந்தால் ஆன்லைன் போதும். முகம் மட்டும் தெரிகிற வகுப்பில் எங்கே தடுக்கிறது என்று யாராலும் பிடிக்க முடியாது.

சாளரம்

எதுவானாலும் பாதுகாப்பை மறக்காதீர்கள். நேரில் என்றால் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும்போது, கதவு திறந்த அறையில். ஆன்லைன் என்றால் வகுப்பு பொது அறையில் நடக்கட்டும், செய்தி அனுப்புவதெல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும். முன்பு படித்த இரண்டு குடும்பங்களிடமாவது நேரடியாகப் பேசுங்கள். இதையெல்லாம் கேட்டால் நல்ல டியூட்டர் கோபப்பட மாட்டார்.

தசமபுள்ளி

குழுவாகப் படிப்பதா தனியாகவா என்பதையும் ஐயா ஒரு வரி சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். மகனை அங்கிருந்து நிறுத்திவிட்டேன்.

கரும்பலகை

பிரச்சினை ஒரே மாதிரி இருக்கிற மூன்று நான்கு பேர் என்றால் குழுவே நல்லது, ஒருவன் தப்பை இன்னொருவன் பிடிப்பான். உங்கள் மகன் ஐந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள், அவனுக்குச் சில வாரமாவது தனியாக. பேச ஆரம்பித்த பிறகு குழுவுக்கு மாற்றலாம்.

மழைச்சாரல்

பதினாறு நாள் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பெரியவனின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். ஏழில் மூன்று இடங்களுக்குத்தான் எஸ்ஏடி வேண்டும். அதற்கு அவனே படிக்கிறேன் என்கிறான், மாதம் ஒரு முழுத் தேர்வு எழுதிக் காட்டுவதாகப் பேச்சு. கட்டுரைக்கு அவன் பள்ளி ஆசிரியை ஒருவரையே கேட்டிருக்கிறான்.

சின்னவளுக்கு, பார்த்த மூவரிடமும் தாளை அனுப்பி மாதிரி வகுப்பு கேட்டேன். பைல் வைத்திருந்தவர் மாதிரி வகுப்பெல்லாம் எடுப்பதில்லை என்றார். அன்பாகப் பேசினாரே, அவர் வந்தார், ஒரு மணி நேரமும் அவரே பேசினார். மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள், பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. நான் எதிர்பார்க்கவே இல்லை, அட்டவணைக்காரர்தான் தாளைப் பிரிண்ட் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்தார். "அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், தாளைப் பார்க்காமல் கொடுத்தது என் தப்பு" என்று முதலிலேயே சொன்னார்.

தொட்டிக் கணக்கைத்தான் எடுத்தார். கேள்வியைப் படிக்கச் சொல்லிவிட்டு, "விடை வேண்டாம், படம் மட்டும் போடு" என்றார். அவள் ஒரு கட்டம் போட்டாள். அதன் பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. எனக்குக் கை பரபரத்தது, அவர் பேசவே இல்லை. அவள் கட்டத்தை மூன்றாகப் பிரித்தாள், இரண்டு பங்குக்கு நிழல் அடித்தாள், பாதிக் கோடு எங்கே வரும் என்று பார்த்தாள், அது ஒரு பங்கின் நடுவில் விழுந்தது. அப்படியே ரப்பரை எடுத்து அழித்துவிட்டு ஆறாகப் பிரித்தாள். நான்கு பங்கு தண்ணீர், மூன்று பங்கு பாதி. "அப்போ ஒரு பங்குதான் 12 வாளி" என்று அவளே சொல்லிவிட்டு, 72 என்று எழுதினாள்.

அவர் சரி என்று சொல்லவில்லை. பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டு, "இதே மாதிரி ஒன்று நீ எனக்குக் கொடு, நான் போடுகிறேன்" என்றார். அவள் எழுதிய கணக்கில் அவர் வேண்டுமென்றே தப்பாக ஒரு இடத்தில் போனார், இவள், "இல்லை சார், அங்கே இல்லை" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய், வெள்ளி என்று பேசியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை வகுப்பு முழுக்கக் கடிகாரம் வைத்து, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கப் போகிறார்களாம்.